கடனுக்கு வந்த பிக்கப்

வேல்முருகு எனக்குத் தரவேண்டியது
மூன்று கலியாணத்துக் கதிரைக்காசு,
உடைத்த கதிரை பதினாலு,
கிழித்த தறப்பாள் ஒன்று.
தந்தது இது.

குருக்கள்மடத்திலிருந்து அவனே ஓட்டிவந்து
வளவுக்குள் விட்டுவிட்டு
பஸ்ஸில் திரும்பிப் போனான்.
போகும்போது பொனட்டை ஒருதரம் தடவினான்.
கடன்காரனின் நடிப்பென்று நினைத்தேன்.

டட்சன் ஆயிரத்து இருநூறு.
நம்பர் தகட்டில் இன்னும் ஸ்ரீ.
அந்த ஓர் எழுத்துக்காக ஒருகாலம்
தார்ச்சட்டி தூக்கினார்களாம்.
எனக்கு அது வரிக்காசு கட்டவேண்டிய எழுத்து.
பின்கதவில் புடைத்த ஆறு எழுத்தில்
பூச்சுக்குமேல் பூச்சேறி நாலுதான் தெரியும்.
முதலில் நீலம், மறுகா பச்சை,
சுரண்டினால் இடையில் ஒரு மஞ்சளும் இருக்கிறது,
யாருக்கோ அவசரமாய்த் தேவைப்பட்ட மஞ்சள்.

வெளிநாட்டு வாகனம் இறக்கத் தடைபோட்ட வருடம்.
லீசிங்காரன் சொன்ன தொகைக்குச் சிரித்துவிட்டு
இதிலேயே ஏற்றினேன்,
இருபது இருபதாய் ஆறு அடுக்கு.
களுதாவளையில் சாமத்தியவீடு,
தேற்றாத்தீவில் ஒரு முப்பத்தோராம் நாள்,
செட்டிபாளையத்தில் விளையாட்டுப்போட்டி.
மூன்று இடத்திலும் நின்றது.
மூன்று இடத்திலும் தள்ள ஆள் வந்தது.

அதைத்தான் சொல்லவேண்டும்.
புதுக் கெப் ஒன்று றோட்டில் நின்றால்
ஹோன் அடிப்பார்கள்.
இது நின்றால் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு வருகிறார்கள்.
தள்ளிவிட்டும் போகமாட்டார்கள்.
பெற்றோல் சைட்டில் ஒருவர்,
"இதில ஏத்தித்தான் தங்கச்சி, கால்முறிஞ்ச என்னை
ஆசுபத்திரிக்குக் கொண்டு போன" என்றார்.
இதிலில்லை, இதுமாதிரி வேறொன்றில்.
ஆனால் கையை இதில் வைத்துத்தான் சொன்னார்.
ஒரு பொடியன் சில்லு நட்டுக்களை எண்ணினான்,
நாலு,
திரும்ப எண்ணினான்.

எனக்கு அப்போதும் ஒன்றுமில்லை.
காத்தான்குடி முஸம்மிலின் கராச்சில்
காபரேட்டர் கழற்றிப் பேப்பரில் பரப்பிக் கிடந்த பின்னேரம்
போக இடமில்லாமல் குந்தியிருந்து பார்த்தேன்.
பொனட்டுக்குள்ளால் நிலம் தெரிந்தது.
எஞ்சினுக்கும் தகரத்துக்கும் இடையில்
ஒரு ஆள் இறங்கி நிற்கலாம்.
எந்தக் குழாய் எங்கே போகிறதென்று
கண்ணாலேயே கூடப் போகலாம்.
இப்படித் தன்னைத் திறந்துகாட்டிய சாமான்
வேறொன்றும் என் ஞாபகத்தில் இல்லை.
மனிதர்களை நான் கணக்கில் எடுக்கவேயில்லை.
"ஊசி ஒண்டு தேஞ்சிருக்குக் கா" என்றார்.
தேய்ந்த ஊசியைப் பர்ஸில் போட்டுக்கொண்டு வந்தேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

மாசியில் தினுக வந்தான், நுகேகொடையிலிருந்து.
வெள்ளைச் சேட்டோடு மணலில் மல்லாந்து
அடிப்பக்கம் பார்த்தான், வெகுநேரம்.
சொன்ன விலையில்
வேல்முருகின் கடன் எட்டுத்தரம் அடையும்.

நான் வாயைத் திறந்தேன்.
முதலாம் கியர் கழரும் என்றேன்.
மழைக்குக் கால்மாட்டில் தண்ணி நிற்கும்,
சீட்டுக்குள்ளே எலி குட்டிபோட்டது.
எல்லாம் மெய்.
மறுகா, தாழங்குடா வளைவில் மதகோடு மோதிச்
சேஸி வளைஞ்சது என்றேன்.

பக்கத்தில் நின்ற முஸம்மில் தலையைத் தூக்கி,
"எந்த மதகுல?" என்றார்.

காகம்கூடக் கத்தவில்லை.
தினுக எழும்பி முதுகு மண்ணைத் தட்டினான்.
அவனிடமும் ஒன்று நிற்கிறதாம், மொறிஸ்.
போன வருடம் கேட்டுவந்த ஆளிடம்
எஞ்சின் வெடித்திருக்கென்று சொன்னானாம்.
"எங்கட வீட்டிலும் பொய் இருக்கு" என்றான்,
பாதித் தமிழில்.
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.
போகும்போது பொனட்டை ஒருதரம் தடவினான்.

இரவு எட்டுமணிக்கு கோட்டைக்கல்லாற்றிலிருந்து கோல்,
மரணவீடு, எண்பது கதிரை, கெதியாய்.
சோக்கை அரைவாசி இழுத்து
மூன்று எண்ணித் திறப்பைத் திருப்பினேன்.
இருமியது.
திரும்பவும்.
மதிலுக்கு அந்தப்பக்கம் ரீவியை நிற்பாட்டிவிட்டு
யாரோ செருப்புத் தேடுகிறார்கள்.